ஒரே அளவு, ஒரே சிமெண்ட், மூன்று நாளில் மூன்று விதமான கான்கிரீட்: குற்றம் ஜல்லியிலா, மணலிலா?

#1 புதுத்தளம்

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு மாடிக் கட்டடம், நான்தான் சைட் எஞ்சினியர். தூண்களுக்கு எம்20 (28 நாளில் 20 மெகாபாஸ்கல், அதாவது எம்பிஏ, வலு), பெட்டி அளவில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3. மணல் எம் சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்தது). சிமெண்ட், மிக்சர், ஆட்கள் எதுவும் மாறவில்லை. 20 மி.மீ. ஜல்லி மட்டும் நடுவில் வேறு கிரஷரிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை போட்ட தூண்கள் நன்றாக வந்தன. செவ்வாய் இரவு லேசான தூறல். புதன்கிழமை கலவை வறட்டென்று இருந்தது, மிக்சரிலிருந்து கொட்டும்போதே ஜல்லி தனியாக உருண்டது. வேலை ஓடவில்லை என்று ஆட்கள் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பலகை பிரித்தால் இரண்டு தூண்களில் தரையை ஒட்டித் தேன்கூடு (கல்லுக்கு நடுவே பசை நிரம்பாத ஓட்டை), ஒன்றில் கம்பியே தெரிகிறது. வியாழன் இரவு கொட்டித் தீர்த்த மழை. வெள்ளிக்கிழமை அதே பெட்டி, அதே எண்ணிக்கை, ஆனால் கலவை சேறாக ஓடியது. தூணின் தலையில் தண்ணீர் தேங்கி நின்றது.

7 நாளில் உடைத்துப் பார்த்த கியூப் (சோதனைக் கட்டை) சராசரி: திங்கள் 17.1, புதன் 13.4, வெள்ளி 10.2 எம்பிஏ.

மேலதிகாரி "ஜல்லி மட்டமான கல், மாற்று" என்கிறார். வலுவான ஜல்லியை எப்படிப் பார்த்து எடுப்பது? என்ன டெஸ்ட் கேட்க வேண்டும்?

#2 கல்லுடைப்பான்

கிரஷரில் இருபது வருடம் நின்றவன் சொல்கிறேன், கான்கிரீட் கெட்டுப்போனால் முதல் திட்டு எங்களுக்குத்தான் விழும். பழகிவிட்டது.

நல்ல கருங்கல்லை அழுத்தி உடைக்க 100 எம்பிஏ-க்கு மேல் வேண்டும், பல கற்கள் 150-ஐயும் தாண்டும். நீங்கள் போடுவது எம்20. உங்கள் கான்கிரீட்டைப் போல ஐந்து மடங்கு வலு உள்ள கல் எப்படித் தோற்கும்? இம்பாக்ட் டெஸ்டில் 14 கிலோ சுத்தியலை 380 மி.மீ. உயரத்திலிருந்து 15 முறை விடுவார்கள். நொறுங்கி 2.36 மி.மீ. சல்லடையில் இறங்குவது எத்தனை சதவீதம் என்பதுதான் விடை. ஐஎஸ் 383 (ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரவிதி) தேய்மானம் உள்ள தளங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 45 வரை விடுகிறது. சிதைந்த கல், மண் பாறை இல்லையென்றால் பெரும்பாலான கருங்கல் இதை எளிதாகத் தாண்டிவிடும். வீட்டுத் தூணுக்கு இதையே துரத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

கேட்க வேண்டியது வேறு. கல்லின் வடிவம் எப்படி? தூசி எவ்வளவு? எல்லாம் ஒரே அளவா, கலந்திருக்கிறதா?

#3 கரணைக்காரர்

தம்பி, ஜல்லி இருக்கட்டும். புதன்கிழமை காலையில் மணலை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தீர்களா? கையை விரித்தால் உருண்டை நின்றதா, உதிர்ந்ததா?

#4 புதுத்தளம்

பார்க்கவில்லை ஐயா. ஆனால் நனைந்திருந்தது தெரியும். அதனால்தான் தண்ணீர் கூட்டக் கூடாது என்று முதலில் சொன்னேன். கலவை வறண்டு வந்ததால் விட்டுவிட்டேன்.

கல்லுடைப்பான் அண்ணா, உடைந்த கியூபைப் பார்த்துத்தான் கல்லைச் சந்தேகப்பட்டேன். உடைந்த முகத்தில் ஜல்லி ஒன்றுகூட உடையவில்லை, கழன்று வந்திருக்கிறது. பல் பிடுங்கிய இடம் மாதிரி குழி குழியாக இருக்கிறது. குழிக்குள் வெள்ளையாக மாவு.

#5 நுண்ணோக்கி

நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வாக்கியம் கியூப் எண்களைவிட அதிகம் சொல்கிறது.

சாதாரண கான்கிரீட்டில் விரிசல் கல்லைச் சுற்றித்தான் போகும். கல்லும் சிமெண்ட் பசையும் சந்திக்கும் ஓரத்தில் சில பத்து மைக்ரான் அகலத்துக்கு ஒரு பலவீனமான பட்டை இருக்கும். கல்லின் முகம் ஒரு சுவர் மாதிரி. சிமெண்ட் துகள்கள் அதை ஒட்டி நெருக்கமாக அமர முடியாது, அதனால் அங்கே தண்ணீர் கூடுதலாகவும் சிமெண்ட் குறைவாகவும் இருக்கும். இறுகிய பிறகு அந்த இடத்தில் நுண்துளை அதிகம். விரிசல் தொடங்குவது அங்கேதான். 60, 70 எம்பிஏ-க்கு மேல் போகும்போது பசை இறுகி, விரிசல் கல்லையே பிளந்துகொண்டு போகும். கல்லின் வலு அப்போதுதான் கணக்கில் வரும்.

எம்20-இல் கல் உடையாதது இயல்புதான். ஆனால் குழி வழவழப்பாக, மாவு அப்பியிருந்தால் கல்லின் மேல் தூசிப் படலம் இருந்திருக்கிறது. பசை கல்லைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்திருக்கிறது. கல் வலுவானதுதான், அழுக்கோடு வந்திருக்கிறது.

#6 ஸ்லம்ப்கூம்பு

ரெடிமிக்ஸ் பிளாண்ட்டில் பேட்ச் போடுகிறவன். எனக்கு இது முழுக்க மணல் ஈரம். ஒரு மூட்டைக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

மூட்டை சிமெண்ட் சுமார் 35 லிட்டர். அப்படியானால் மணல் 52 லிட்டர் சொச்சம், உலர்ந்த எடையில் ஏறக்குறைய 84 கிலோ. தண்ணீர் விகிதம் (சிமெண்ட் எடைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது) 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். வெள்ளிக்கிழமை மணல் ஊறிக் கிடந்தது. 10 சதவீத ஈரம் என்றாலே 8 லிட்டருக்கு மேல் மணலோடு ஒளிந்து வந்துவிடும். நீங்கள் ஊற்றியது 25, உள்ளே போனது 33. விகிதம் 0.67. தண்ணீர் விகிதம் ஏறினால் வலு இறங்கும் என்று டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். 10.2 வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பிளாண்ட்டில் காலையில் முதல் வேலையே மணலின் ஈரம் பார்ப்பதுதான். மழை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஜல்லிக்கும் பார்க்க வேண்டும், ஆனால் அது அவ்வளவு ஏமாற்றாது. வெயிலில் காய்ந்த ஜல்லி எதிர்த்திசையில் வேலை செய்யும், தன் எடையில் அரை, ஒரு சதவீதத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

#7 புதுத்தளம்

வெள்ளி புரிகிறது. புதன் புரியவில்லை. அன்றைக்கும் மணல் ஈரம்தானே? அப்படியானால் கலவை இளகலாக அல்லவா வந்திருக்க வேண்டும்? வறண்டு வந்ததே, ஏன்?

#8 ஆய்வகப்பூனை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மணல் லேசாக ஈரமானால் பெருக்கும். ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்தும். ஈரம் 5, 6 சதவீதம் வரும்போது பருமன் 20 முதல் 30 சதவீதம் வரை கூடலாம். மணல் எவ்வளவு நைசோ அவ்வளவு பெருக்கம், மிக நைசான மணலில் 40 வரை போகும். இன்னும் தண்ணீர் சேர்ந்துகொண்டே போனால் படலங்கள் ஒன்றாகிவிடும், இழுவிசைக்குப் பிடிமானம் இல்லை, மணல் மறுபடி அமுங்கிவிடும். முழுக்க ஊறிய மணலின் பருமனும் காய்ந்த மணலின் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது உங்கள் பெட்டியைப் பாருங்கள். புதன்கிழமை 25 சதவீதம் பெருத்த மணலைப் பெட்டி நிறைய அள்ளியிருக்கிறீர்கள். 52 லிட்டர் என்று நினைத்தது உண்மையில் 42 லிட்டர். ஒரு மூட்டைக்கு 17 கிலோ மணல் குறைவு. ஜல்லி பெருக்காது, அது முழுசாகப் போய்விட்டது. ஜல்லிக்கு நடுவிலுள்ள இடுக்கை நிரப்ப ஆள் இல்லை, அதனால் கலவை கல்லாக வந்தது. அதைத் தண்ணீர் குறைவு என்று நினைத்து ஊற்றினார்கள். தண்ணீர் மணலாகாதே.

வெள்ளிக்கிழமை மணல் அமுங்கிவிட்டது, அளவு சரி, ஆனால் கூடவே எட்டு லிட்டர் தண்ணீர்.

பார்க்கும் முறை எளிது. நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அமுக்காமல் பொலபொலவென்று கொட்டி, உயரம் அளந்துகொள்ளுங்கள். 200 மி.மீ. என்று வைப்போம். மணலை வெளியே எடுத்துவிட்டு ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு கம்பியால் குத்தி அமரவிடுங்கள். 160-இல் நின்றால் பெருக்கம் 40-ஐ 160-ஆல் வகுத்தால் 25 சதவீதம். அன்றைக்கு மணல் பெட்டியை 1.25 மடங்காக்க வேண்டும். எடை போட்டுக் கலந்தால் இந்தத் தலைவலியில் பாதி கிடையாது, ஈரத் தண்ணீரை மட்டும் கழித்தால் போதும்.

#9 கரணைக்காரர்

நான் ஒரு வரியில் கேட்டேன், பூனை ஒரு பாடமே நடத்திவிட்டது. சரி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எங்கள் காலத்தில் மேஸ்திரி மணல் குவியலில் கையை விட்டுப் பார்த்துவிட்டு "இன்றைக்குப் பெட்டிக்குத் தலை கட்டு" என்பார். பெட்டிக்கு மேலே கோபுரமாகக் குவித்துப் போடுவோம். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

#10 கல்லுடைப்பான்

ஆக, கல் தப்பித்தது!

#11 நுண்ணோக்கி

அவசரப்படாதீர்கள். குழிக்குள் மாவு இருந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது?

#12 சொந்தவீடு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் எஞ்சினியர் இல்லை, வீடு கட்டுகிறவன். எம் சாண்டை பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்தேன். மேலே விரல் தடிமனுக்கு ஒரு அடுக்கு படிந்தது. ஆற்று மணலில் இவ்வளவு வராது என்கிறார்கள். எம் சாண்டைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா?

#13 கல்லுடைப்பான்

வேண்டாம் சார். ஆற்று மணலில் மேலே படிவது வண்டலும் களிமண்ணும். எம் சாண்டில் படிவது பெரும்பாலும் கல்மாவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 75 மைக்ரானுக்குக் கீழே போகும் நைஸ், இயற்கை மணலுக்கு 3 சதவீதம்தான், நொறுக்கிய கல் மணலுக்கு 15 வரை ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. கொஞ்சம் கல்மாவு இருந்தால் கலவை வழுக்கிக்கொண்டு வரும், பூச்சும் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். எம் சாண்ட் என்று சொல்லிக் குவாரித் தூசியைக் கொட்டிவிடப் போகிறார்கள். ஜல்லி உடைக்கும்போது கழிவாக விழுவது தூசி. எம் சாண்ட் என்பது கல்லைக் கல்லோடு மோதவிடும் செங்குத்துத் தண்டு இயந்திரத்தில் உடைத்து, முனை மழுங்கி, சலித்து, கழுவி வருவது. கையில் வைத்து உருட்டினால் தெரியும். தூசி ஊசி ஊசியாகக் குத்தும்.

#14 ஆய்வகப்பூனை

கூடவே ஒன்று: கல்மாவோடு களிமண்ணும் கலந்து வரலாம், குவாரியின் மேல்மண்ணைச் சரியாக நீக்காவிட்டால். பாட்டில் இரண்டையும் பிரித்துக் காட்டாது. படிந்த அடுக்கைக் கொஞ்சம் எடுத்து விரல் நடுவில் தேயுங்கள். நறநறவென்றால் கல்மாவு. சோப்பு மாதிரி வழுக்கி, காய்ந்தபின் வெடித்து ஓடாகப் பெயர்ந்தால் களிமண். ஆய்வகத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்துப் பார்ப்போம், களிமண் அதை உறிஞ்சும், கல்மாவு அவ்வளவாக உறிஞ்சாது. களிமண் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், காயும்போது சுருங்கும், அதுதான் பகை.

இயற்கை மணலுக்குப் பாட்டில் நல்ல சோதனை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் வண்டல் சீக்கிரம் படியும். மூன்று மணி நேரம் கழித்து மணல் உயரத்தில் 6 முதல் 8 சதவீதத்துக்கு மேல் வண்டல் நின்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

#15 சொந்தவீடு

நறநறவென்றுதான் இருக்கிறது. நன்றி. கடல் மணல் பற்றியும் ஒருவர் சொன்னார், கழுவினால் போதுமாமே?

#16 ஸ்லம்ப்கூம்பு

நல்ல தண்ணீரில் முறையாகக் கழுவி, குளோரைடு அளவைச் சோதித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் கம்பி போட்ட கான்கிரீட்டில் போடாதீர்கள். உப்பு கான்கிரீட்டைவிடக் கம்பியைத்தான் தின்னும், வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகும். தெரியும்போது கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) பிளந்திருக்கும்.

#17 புதுத்தளம்

மூன்று நாள் கழித்து வருகிறேன். சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

மணல் பெருக்கம்: நேற்றுக் காலை, பனி ஈரத்தோடு, 22 சதவீதம். குவியலின் மேலே எடுத்தது. அடியில் ஒரு அடி ஆழத்தில் எடுத்த மணல் சொதசொதவென்று இருந்தது, பெருக்கம் 6 மட்டுமே. ஒரே குவியல்!

ஜல்லித் தூசி: பத்து கிலோவைக் காயவைத்து, கழுவி, மறுபடி காயவைத்து எடை போட்டேன். 310 கிராம் குறைவு. மூன்று சதவீதத்துக்கும் மேல். பழைய கிரஷர் ஜல்லி கொஞ்சம் மூலையில் கிடந்தது, அதில் 70 கிராம்தான்.

வடிவம்: 20-க்கும் 16-க்கும் நடுவில் நின்ற கற்களை எடுத்து, பலகையில் 10.8 மி.மீ. அகலத்தில் ஒரு பிளவு வெட்டி ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். எடையில் 34 சதவீதம் நுழைந்துவிட்டது. ஓடு ஓடாக இருக்கிறது.

#18 ஆய்வகப்பூனை

பலகையில் பிளவு வெட்டியதற்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம். 10.8 எப்படி வந்தது என்று மற்றவர்களுக்காக: சராசரி அளவு 18, அதில் 0.6 மடங்குக்கும் கீழே தடிமன் இருந்தால் தட்டைக்கல். நீளம் 1.8 மடங்குக்கு மேல் போனால் நீட்டுக்கல். தட்டையைப் பிரித்தெடுத்த மீதியில் நீட்டையும் எடுத்து, இரண்டையும் கூட்டி 40 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது ஐஎஸ் 383. தட்டை மட்டுமே 34 என்றால் கூட்டுத்தொகை நிச்சயம் இடிக்கும்.

தூசி கல்லில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுடையது மூன்று மடங்கு.

#19 நுண்ணோக்கி

தட்டைக்கல் இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும். ஒரே எடைக்குப் பரப்பளவு அதிகம், அதனால் பசையும் தண்ணீரும் அதிகம் கேட்கும். அப்புறம், கொட்டும்போது கல் படுத்துக்கொள்ளும். மேலேறி வரும் தண்ணீர் அதன் அடிவயிற்றில் மாட்டிக்கொண்டு நிற்கும், காய்ந்தபின் அங்கே ஒரு வெற்றிடம். கியூபில் கழன்ற குழிகளில் படுத்திருந்த கல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பிடிமானமே இருக்காது.

உருண்டைக் கூழாங்கல் என்றால் கலவை எண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது. முரட்டு முகம், ஏறக்குறைய கனசதுர வடிவம் என்பதுதான் நடுவழி.

#20 கல்லுடைப்பான்

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்த லோடை அனுப்பியவர் தாடை கிரஷரில் உடைத்ததை அப்படியே லாரியில் ஏற்றியிருக்கிறார். தாடை மட்டும் போதாது. கோன், அதற்குப் பிறகு இம்பாக்டர் என்று மூன்று கட்டம் போனால்தான் தட்டை உடைந்து வடிவம் வரும். கோனுக்கும் வயிறு நிறையக் கல் கொடுத்து ஓட்ட வேண்டும். அரைகுறையாகக் கொடுத்தால் கல்லோடு கல் உரசாமல் ஓடாகவே விழும். சல்லடைத் தட்டு அடைத்துக்கொண்டிருந்தால் தூசியும் கூடவே வரும். மழை நாளில் இது அதிகம்.

புதுத்தளம் தம்பி, லோடு இறங்கும்போது லாரியின் பின்பக்கம் நின்று பாருங்கள். மேலே கொட்டுவது அழகாக இருக்கும். கடைசியாகச் சரிந்து விழும் அடிப்பகுதியில்தான் தூசி தெரியும்.

#21 புதுத்தளம்

தேன்கூடு மட்டும் இன்னும் உறுத்துகிறது. கலவையே கல்லாக இருந்தது என்றால் தூண் முழுக்க வந்திருக்க வேண்டும். இரண்டு தூண்களிலும் அடியில் மட்டும்தான்.

#22 கரணைக்காரர்

அடியில் கம்பி இணைப்பு இருக்கிறதா?

#23 புதுத்தளம்

ஆமாம் ஐயா. 230-க்கு 300 தூண், ஆறு 16 மி.மீ. கம்பி. தரையிலிருந்து மேலே லேப் (கீழ்க் கம்பியும் மேல் கம்பியும் ஒட்டிச் சேரும் இணைப்பு) இருக்கும் உயரம் வரை பன்னிரண்டு ஆகிவிடுகிறது. இப்போது போய் அளந்தேன், ஒரு இடத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் 21 மி.மீ.தான்.

#24 ஸ்லம்ப்கூம்பு

21-இல் 20 மி.மீ. ஜல்லி எப்படி இறங்கும்? இரண்டு கல் ஒன்றாக வந்தால் பாலம் கட்டிக்கொள்ளும், அதற்குக் கீழே பசை மட்டும் சொட்டும்.

கல்லின் உச்ச அளவைத் தீர்மானிப்பது இதுதான். ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்திய விதி): உறுப்பின் மிகக் குறைந்த தடிமனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. கம்பி நெருக்கமான இடத்தில், கம்பி இடைவெளியைவிட 5 மி.மீ. குறைவு, கவரைவிட 5 மி.மீ. குறைவு, இரண்டில் எது சின்னதோ அது. உங்களுக்கு 16. அமெரிக்க ஏசிஐ முறையில் கம்பி இடைவெளியில் முக்கால் பங்கு, அதுவும் ஏறக்குறைய 16-தான். தூணின் அடி மூன்றடிக்கு 12 மி.மீ. ஜல்லிக் கலவை போடுங்கள்.

#25 சொந்தவீடு

அப்படியானால் எல்லா இடத்திலும் சின்ன ஜல்லியே போட்டுவிடலாமே?

#26 ஸ்லம்ப்கூம்பு

போடலாம், ஆனால் தண்ணீர் கேட்கும். கலவை வடிவமைப்பு விதியான ஐஎஸ் 10262-இல் 50 மி.மீ. ஸ்லம்ப்புக்கு (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) ஒரு கனமீட்டருக்கான தண்ணீர்: 40 மி.மீ. கல்லுக்கு 165 கிலோ, 20-க்கு 186, 10-க்கு 208. தண்ணீர் கூடினால் விகிதம் காக்கச் சிமெண்டும் கூட வேண்டும். சுருக்கமும் கூடும். கான்கிரீட்டின் பருமனில் 60 முதல் 75 சதவீதம் கல்லும் மணலும்தான். சுருங்காமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். அதனால் இடம் விடும் அளவுக்குப் பெரிய கல்.

#27 ஆய்வகப்பூனை

ஒரே அளவு என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பத்து லிட்டர் பக்கெட்டில் வெறும் 20 மி.மீ. ஜல்லியை நிரப்பி, தளும்பும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். நாலு லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, ஜல்லியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதற்குப் பதில் 10, 12 மி.மீ. சிப்ஸ் கலந்து மறுபடி ஊற்றுங்கள். குடிப்பது குறையும். குறைந்த அளவு மணலும் சிமெண்டும் உங்களுக்கு மிச்சம். 1907-இல் ஃபுல்லர், தாம்ப்ஸன் இருவரும் எந்த அளவுக் கல் எவ்வளவு வேண்டும் என்று வரைந்த அளவுக் கோட்டின் அடிப்படை இந்தப் பக்கெட்தான்.

அந்தக் கோட்டை அப்படியே பிடித்தால் கலவை முரடாக வரும், கொஞ்சம் நைஸ் கூட வேண்டும். கடைசியில் கரணையால் தேய்த்துப் பார்த்துத்தான் முடிவு.

#28 நுண்ணோக்கி

இழை போகும் போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல் என்றால் செத்த பொருள், சும்மா இடத்தை அடைக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஓப்பல், சில வகைச் சக்கிமுக்கிக் கற்களில் உள்ள சிலிக்கா, சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து ஒரு கூழாக மாறும். ஈரம் பட்டால் அந்தக் கூழ் ஊதும். வருடங்கள் கழித்து கான்கிரீட்டில் வலைப்பின்னலாக விரிசல் விழும். கலிபோர்னியாவில் இப்படி வெடித்த கான்கிரீட்டை ஆராய்ந்து தாமஸ் ஸ்டாண்டன் 1940-இல் இதை வெளியிட்டார். அதுவரை கல்லை யாரும் சந்தேகப்படவில்லை. இன்று சாந்துக் கட்டையை 80 டிகிரிக் காரக் கரைசலில் 14 நாள் வைத்து நீட்சி பார்க்கிறார்கள். 0.10 சதவீதத்துக்குள் என்றால் பயமில்லை, 0.20 தாண்டினால் சந்தேகக் கல். வேறு கல் கிடைக்காத இடத்தில் நிலக்கரிச் சாம்பலோ ஸ்லாகோ (இரும்பு உலைக் கசடு) சேர்த்து அடக்குவார்கள்.

தீயிலும் கல்லுக்குக் கல் வேறு. குவார்ட்ஸ் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறிச் சட்டென்று ஊதும். சுண்ணாம்புக்கல் அந்த விஷயத்தில் நிதானம். ரோமின் பாந்தியன் குவிமாடத்தில் மேலே போகப் போகக் கனம் குறைந்த கல்லாக, உச்சியில் எரிமலை நுரைக்கல் வரை போட்டிருக்கிறார்கள். 43 மீட்டர் விட்டம், கம்பி கிடையாது, இன்றும் நிற்கிறது.

#29 கரணைக்காரர்

ரோம் வரை போய்விட்டு வாருங்கள், நாங்கள் இங்கே தூணைப் பார்க்கிறோம்.

தம்பி, கம்பி தெரியும் அந்தத் தூணை என்ன செய்தீர்கள்? சாந்து அப்பி மறைத்துவிடவில்லையே?

#30 புதுத்தளம்

அப்படித்தான் ஆட்கள் கரணையோடு வந்தார்கள். நிறுத்திவிட்டேன். வடிவமைப்புப் பொறியாளர் வந்து பார்த்தார். கம்பி தெரியும் தூணையும் வெள்ளிக்கிழமைத் தூண்களையும் 28 நாள் கியூபோடு நிறுத்தாமல் கோர் (தூணிலிருந்தே துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மேலே தளம் போடுவது அதுவரை நிறுத்தம். மேலதிகாரிக்குக் கோபம்தான்.

#31 கரணைக்காரர்

கோபம் நாலு நாளில் போய்விடும். தேன்கூட்டில் தளர்ந்த கல்லெல்லாம் உளியால் தட்டி எடுத்து, நல்ல கான்கிரீட் தெரியும் வரை போய்விட்டுத்தான் அடைக்க வேண்டும். எதை வைத்து அடைப்பது என்பதை அந்தப் பொறியாளரே சொல்லட்டும்.

#32 புதுத்தளம்

கடைசித் தகவல். புது ஜல்லி லோடைத் திருப்பிவிட்டோம், பழைய இடத்திலிருந்தே 20-உம் 12-உம் தனித்தனியாக வருகிறது. மணல் மேல் தார்ப்பாய். அடி ஒரு அடியை அள்ளுவதில்லை. பெட்டிக்குப் பதில் தராசு வாங்கித் தர மறுத்துவிட்டார்கள், அதனால் காலையிலும் மதியமும் ஜாடி வைத்துப் பெருக்கம் பார்த்து, அன்றைய மணல் அளவைப் பெட்டியிலேயே சாக்கட்டியால் கோடு போட்டுவிடுகிறேன். தண்ணீருக்கு அளவு கேன், மூடியில் பூட்டு. சாவி என் பையில்.

போன வாரத் தூண்களின் 7 நாள்: 17.8, 18.3, 17.5. பலகை பிரித்த அடிப்பாகம் சுத்தம்.

#33 ஆய்வகப்பூனை

அந்த மூன்று எண்களும் அக்கம்பக்கம் நிற்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஜாடியை யாராவது தேநீர் குடிக்க எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#34 புதுத்தளம்

ஏற்கெனவே ஒன்று போய்விட்டது. இரண்டாவது ஜாடியில் பெயிண்டால் கோடு போட்டு "மணல்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.